இது எவ்வளவு பிடிக்கும்? குடம், படி, சம்ப், டி.எம்.சி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரக் கடையில் பல வருஷம் நின்றவன் நான். வாங்க வருபவர்கள் விலையை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதலில் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இது எவ்வளவு பிடிக்கும்?" என்பார்கள். பித்தளையும் எவர்சில்வரும் பெரும்பாலும் எடை போட்டு விற்கிற சரக்கு. எத்தனை கிலோ என்று உடனே சொல்லிவிடலாம், எத்தனை லிட்டர் என்பதற்குக் கடைக்காரரும் கண்ணால்தான் பதில் சொல்வார். அப்படிக் கண்ணளவில் சொல்லிச் சொல்லி நான் பலமுறை மாட்டிக்கொண்டேன். அப்புறம் அளந்து பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவைதான் கீழே இருக்கும் பதில்கள்.

ஒரு குடம் என்பது எத்தனை லிட்டர்?

குடத்துக்குச் சட்டமான அளவு எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். அளந்தால் ஒன்று 14 லிட்டருக்குச் சற்று மேல், இன்னொன்று 16. அதுவும் கழுத்து விளிம்பு வரை ஊற்றினால். இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிற குடத்தில் யாரும் விளிம்பு வரை பிடிப்பதில்லை. இரண்டு விரல்கடை குறைத்துத்தான் பிடிப்பார்கள். ஆகவே தெருக்குழாயில் "பத்துக் குடம் பிடித்தேன்" என்றால் 130 முதல் 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குச் சரியாக வேண்டுமென்றால் உங்கள் குடத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

எப்படி அளப்பது? அளவு ஜாடி வாங்க வேண்டுமா?

வேண்டாம். சமையலறைத் தராசு போதும். ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, சுழியம் காட்டும் பொத்தானை அழுத்தி, தண்ணீர் ஊற்றுங்கள். தராசு 640 கிராம் காட்டினால் பாத்திரம் 640 மில்லி பிடிக்கிறது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சற்று விரிந்து லிட்டருக்கு 996 கிராம் அளவில் நிற்கும். ஆயிரத்தில் நாலு கிராம் வித்தியாசத்தைச் சமையலறையில் யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அண்டா, தவலை மாதிரிப் பெரிய பாத்திரம் தராசில் நிற்காது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முதலில் தராசில் வைத்து, சரியாக ஒரு கிலோ தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலின் கழுத்து வரை நிரப்பினால் ஒரு லிட்டருக்கு மேல் போகும், ஏனென்றால் எந்தப் பாட்டிலிலும் மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டுத்தான் அடைக்கிறார்கள். பிறகு அந்தக் கோடு வரை ஊற்றி ஊற்றி எண்ண வேண்டியதுதான். எண்ணும்போது பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தவலையை மூன்று தடவை அளந்திருக்கிறேன்.

மில்லி, சி.சி., கன சென்டிமீட்டர் எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். ஒரு மில்லி = ஒரு சி.சி. = ஒரு கன செ.மீ. 100 சி.சி. பைக் என்றால் எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவு 100 மில்லி, அதாவது அரை டம்ளர். பெட்ரோல் டேங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆழாக்கு, உழக்கு, படி: இதெல்லாம் மில்லியில் எவ்வளவு?

ஒன்றுக்கொன்று உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குழப்பமே இல்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டுப் படி ஒரு மரக்கால் (குறுணி), பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். படி வரை எல்லாம் இரண்டிரண்டாக ஏறுவதால் உழக்கைக் கால்படி என்றும், உரியை அரைப்படி என்றும், ஆழாக்கை அரைக்கால்படி என்றும் சொல்வார்கள். கையில் ஒரே ஒரு படி இருந்தால் போதும். பாதி, பாதியில் பாதி என்று போய்க்கொண்டே இருக்கலாம். பத்துப் பத்தாகப் போகும் லிட்டருக்கு இந்த வசதி கிடையாது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

மில்லியில் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336, படி 1.34 லிட்டர் என்று ஒரு கணக்குப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஒரு படியின் அளவு. ஆங்கிலேயர் காலத்து மதராஸ் படி அதைவிடப் பெரியது, கிட்டத்தட்ட 1.7 லிட்டர். அந்தக் கணக்கில் ஆழாக்கே 200 மில்லியைத் தாண்டிவிடும். போதாததற்கு ஊருக்கு ஊர் சின்னப்படி, பெரியபடி என்று வேறு உண்டு. எனவே உங்கள் பாட்டி வைத்திருந்த பித்தளை உழக்கு எவ்வளவு என்று இணையத்தில் தேடுவதைவிட, அதைத் தேய்த்துக் கழுவித் தராசில் வைத்துப் பார்ப்பது மேல்.

இந்த ஊர்ச் சண்டைகளுக்கெல்லாம் முடிவு கட்டத்தான் 1956ல் எடை அளவுச் சட்டம் வந்து, பிறகு படிப்படியாக நாடு முழுவதும் மெட்ரிக் அளவு கட்டாயமானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். ஆனால் ஆயுத பூஜை சமயத்தில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், பொரி இன்னமும் படிக்கணக்கில்தான் கிடைக்கும். பொரியை எடை போட்டால் தராசே அசையாது, பாவம்.

சமையல் குறிப்பில் "நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து" என்று இருக்கிறது. என்னிடம் உழக்கு இல்லையே?

அங்கே உழக்கு முக்கியமில்லை, நாலுக்கு ஒன்று என்பதுதான் முக்கியம். எந்த டம்ளரை வேண்டுமானாலும் எடுங்கள், கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் டம்ளரை மாற்றினால் இட்லி கல்லாகிவிடும்.

ஒரே எச்சரிக்கை: எடையும் கொள்ளளவும் கலந்த குறிப்புகள். "அரைக் கிலோ அரிசிக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர்" மாதிரி எழுதியிருந்தால் எழுதியவரின் டம்ளர் எவ்வளவு என்று தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்த அரிசி ஏறக்குறைய 160 முதல் 170 கிராம் வரும். அதே டம்ளரில் தண்ணீர் 200 கிராம். அரிசி மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்று எடைக்கு வராது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

டீஸ்பூன், டேபிள்ஸ்பூன், கப்?

டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15. ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. கப் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250. மின்சார ரைஸ் குக்கருடன் வரும் சின்ன பிளாஸ்டிக் கப் 180 மில்லிதான். ஜப்பானியர்களின் பழைய அரிசி அளவு அது, அவர்கள் ஊர் ஆழாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கடையில் 1.8 லிட்டர் குக்கர் என்று விநோதமான எண் எழுதியிருக்கிறது. பத்துக் கப் அரிசிக்கானது என்று பொருள். குக்கர் கப்பைத் தொலைத்துவிட்டு 250 மில்லி கப்பால் அரிசி போட்டு, தண்ணீரை மட்டும் உள்பக்கக் கோட்டைப் பார்த்து ஊற்றினால் சோறு வேகாது.

குழந்தைக்கு மருந்து கொடுக்க வீட்டு ஸ்பூன் சரிதானே?

சரியில்லை. வீட்டு டீஸ்பூன்களை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். மூன்றரை மில்லியும் இருந்தது, ஆறும் இருந்தது. பாலாடை, சங்கு இரண்டும் அப்படித்தான், பட்டறைக்குப் பட்டறை மாறும். புகட்டுவதற்கு நல்ல சாமான்கள்; அளப்பதற்கு இல்லை. மருந்துடன் வரும் அளவு மூடியையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நீர்மம் ஓரத்தில் ஏறியும் நடுவில் தாழ்ந்தும் நிற்கும். தாழ்ந்த இடம்தான் கணக்கு. மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு தவறும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் நம்மூரில் சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது, சிரப்பாகவும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் வழக்கமாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப் ஒரு வகையில் 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. போன தடவை சிரப்பில் கொடுத்த அதே மில்லியை இந்தத் தடவை சொட்டு மருந்தில் கொடுத்தால் நாலு மடங்குகூட உள்ளே போய்விடலாம். மில்லி ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. எத்தனை மில்லி என்று மருத்துவர் சொல்லும்போது எந்தப் பாட்டிலில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு. உலக சுகாதார நிறுவனக் கலவைப்படி 20.5 கிராம் கொண்ட பெரிய பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது ஆபத்து, உப்பு ஐந்து மடங்காகிவிடும். இங்கே கண்ணளவு கூடவே கூடாது.

எண்ணெய் லிட்டரில் வாங்குவதா, கிலோவிலா?

எதில் வேண்டுமானாலும் வாங்குங்கள், ஒப்பிடும்போது மட்டும் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு; அதனால்தானே மிதக்கிறது! ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதை ஒட்டித்தான் வரும். செக்கு எண்ணெய்க் கடையில் கிலோ 200 ரூபாய், பக்கத்துக் கடையில் லிட்டர் 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ விலையை 0.91ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 182. பார்வைக்கு விலை கூடுதலாகத் தெரிந்த கடைதான் உண்மையில் மலிவு.

டின் வாங்கும்போது இது இன்னும் பெரிய தொகை. 15 கிலோ டின்னும் இருக்கிறது, 15 லிட்டர் டின்னும் இருக்கிறது. 15 லிட்டர் டின்னில் எண்ணெய் பதிமூன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கல்யாணச் சமையலுக்குப் பத்து டின் எடுத்தால் பதிமூன்று கிலோ வித்தியாசம். டின்னைத் தட்டிப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

எண்ணெய் சூட்டில் விரியும். முன்பு சில பாக்கெட்டுகளில் 60 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். அந்தச் சூட்டில் ஒரு லிட்டராக இருப்பது நம் அடுப்படிக்கு வரும்போது குறைந்திருக்கும். 2022ல் மத்திய அரசு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் அதோடு எடையையும் சேர்த்துப் போடும்படி உற்பத்தியாளர்களிடம் சொன்னது. ஆகவே இப்போது பாக்கெட்டில் கிராம் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 1 லிட்டருக்குக் கீழே 910 கிராம் என்று இருந்தால் சரி. மில்லியில் 900, கிராமில் 820 என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது லிட்டர் பாக்கெட் கிடையாது.

தேன் நேர் எதிர். லிட்டருக்கு 1.4 கிலோ அளவில் வரும். அரைக் கிலோ தேன் பாட்டில் சின்னதாகத் தெரிகிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம், அது 350 மில்லிதான் இருக்கும்.

பால்காரர் அளந்து ஊற்றும் பால் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நுரை அடங்கட்டும். கறந்த சூட்டோடு உயரத்திலிருந்து ஊற்றும்போது அளவைக்குள் கால்வாசி நுரையாகவே நிற்கும். அப்புறம் அளவையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். நசுங்கி உள்பக்கம் எழும்பியிருந்தால் அந்த அளவுக்குப் பால் குறையும். விற்பனைக்குப் பயன்படும் அளவையில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். வீட்டில் சந்தேகம் தீர வேண்டுமென்றால் மறுபடி தராசுதான். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், லிட்டருக்கு 1,030 கிராம். அரை லிட்டர் 515 கிராம் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் எடை 500ஐ நோக்கி இறங்கும். பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் லாக்டோமீட்டர் கருவி காட்டுவதும் இதைத்தான். ஆனால் தண்ணீரோடு சர்க்கரையோ மாவோ சேர்த்துவிட்டால் இரண்டையும் ஏமாற்றலாம்.

ஐந்து லிட்டர் குக்கரில் ஐந்து லிட்டர் சமைக்கலாமா?

முடியாது. அந்த ஐந்து லிட்டர் குக்கரின் மொத்தக் கொள்ளளவு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, அதாவது தண்ணீரோடு சேர்த்து 3.3 லிட்டர். பருப்பு மாதிரி நுரைத்துப் பொங்குவதற்குப் பாதியோடு நிறுத்துங்கள்.

காஸ் சிலிண்டரும் இதே கணக்குத்தான். 14.2 கிலோ சிலிண்டரின் முழுக் கொள்ளளவு 33.3 லிட்டர். உள்ளே திரவமாக நிற்கும் காஸ் அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவே. மீதி இடம் வெயிலில் விரிவதற்கு. குலுக்கும்போது உள்ளே தளும்புவதால் காஸ் குறைவு என்று நினைக்க வேண்டாம். குறைவா இல்லையா என்பதை எடை போட்டால்தான் தெரியும்.

அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமாமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவது உண்மை. பத்து டிகிரி குறைந்தால் ஐந்து லிட்டருக்கு 50 மில்லி. ஆனால் பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் இருப்பது பூமிக்கு அடியில். காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. அதற்காக அலாரம் வைத்து எழுந்திருப்பவர் தூக்கத்தைத்தான் இழக்கிறார்.

அளவில் சந்தேகம் இருந்தால் பங்க்கில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் கேன் வைத்திருப்பார்கள், அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் அனுமதி உண்டு. அதைத் தாண்டினால் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது.

நாலு குவார்ட்டர் ஒரு ஃபுல்தானே?

இல்லை. குவார்ட்டர் 180 மில்லி, ஆஃப் 375, ஃபுல் 750. நாலு குவார்ட்டர் சேர்ந்தால் 720தான். இரண்டு ஆஃப் சரியாக ஒரு ஃபுல். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குள் போக விருப்பமில்லை. இலங்கையில் 750 மில்லிக்குப் போத்தல் என்றே பெயர். அங்கே தேங்காய் எண்ணெய் விலையையும் போத்தல் கணக்கில் சொல்வார்கள்.

எங்கள் சம்ப் எத்தனை லிட்டர் என்று எப்படிக் கணக்கிடுவது?

உள்ளளவை அடியில் எடுங்கள்: நீளம் × அகலம் × ஆழம். வருவது கன அடி. அதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். வெளியளவு எடுத்தால் சுவரையும் தண்ணீராகக் கணக்குப் போட்ட மாதிரி ஆகும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் சம்ப் 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம். 240 கன அடி, ஏறக்குறைய 6,800 லிட்டர். கட்டிய மேஸ்திரி "ஏழாயிரம் பிடிக்கும் சார்" என்றார், நானும் நம்பினேன். ஒரு கோடையில் 6,000 லிட்டர் லாரிக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நான் மறந்தவை இரண்டு. நிரம்பி வழியும் குழாய் மேலிருந்து அரை அடி கீழே இருக்கிறது. அடியில் ஏற்கெனவே ஒரு அடித் தண்ணீர் கிடந்தது. மீதி இருந்த இடம் மூன்றரை அடி. 168 கன அடி. 4,750 லிட்டர் சொச்சம். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல் வழிந்து தெருவில் ஓடியது. எதிர்வீட்டு முருங்கை அந்த வருஷம் நன்றாகக் காய்த்தது.

அதற்குப் பிறகு ஒரு மூங்கில் கழியில் அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் சம்பில் ஓர் அங்குலம் என்றால் 113 லிட்டர் (8 × 6 × 28.3, அதைப் பன்னிரண்டால் வகுத்தது). லாரி வருவதற்கு முன் ஒருமுறை, வந்து போன பின் ஒருமுறை கழியை விட்டுப் பார்த்தால், ஆறாயிரம் வந்ததா ஐயாயிரம் வந்ததா என்று தெரிந்துவிடும். ஆறாயிரத்துக்கு 53 அங்குலம் ஏற வேண்டும். கழியோடு நான் நிற்பதைப் பார்த்தால் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வட்டமான தொட்டி, உறைக்கிணறு என்றால்?

விட்டம் × விட்டம் × உயரம், எல்லாம் அடியில். அதை 22.2ஆல் பெருக்குங்கள், லிட்டர் வந்துவிடும். மூன்றடி விட்டமுள்ள உறையில் ஓர் அடித் தண்ணீர் 200 லிட்டர். விட்டம் ஆறடியானால் அதே ஓர் அடிக்கு 800. விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நாலு மடங்கு. இதை மறந்துதான் பலர் உயரமான தொட்டியைப் பெரிய தொட்டி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

போர் போட்டவர் "ரெண்டு இஞ்ச் தண்ணீர்" என்கிறார். அது எவ்வளவு?

குழாயின் அகலத்தை அவர் சொல்லவில்லை. போர் போடும்போது பொங்கி வரும் தண்ணீரை, ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டிய தகட்டின் வழியாக ஓடவிட்டு, அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த உயரம்தான் இஞ்ச். வெட்டு 90 டிகிரி என்றால் ஒரு இஞ்ச் என்பது மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்ச் ஆயிரம் என்று நினைத்தால் தப்பு. சுமார் 2,900 லிட்டர். உயரம் கூடும்போது வெட்டின் அகலமும் கூடுகிறது, தண்ணீரின் வேகமும் கூடுகிறது. ஆகவே "ஒண்ணே முக்கால் இஞ்ச்"சும் "ரெண்டு இஞ்ச்"சும் பக்கத்துப் பக்கத்து அளவாகக் காதில் விழுந்தாலும், தண்ணீரில் கால்பங்குக்கு மேல் வித்தியாசம் வரும்.

மோட்டார் மாட்டிய பிறகு நீங்களே பார்க்க வாளி போதும். 15 லிட்டர் வாளி நிரம்ப 20 விநாடி என்றால் நிமிஷத்துக்கு 45 லிட்டர், ஆயிரம் லிட்டர் டேங்க் 22 நிமிஷத்தில் நிரம்பும்.

ஸ்ப்ரேயரில் பூச்சிமருந்து கலக்கும்போது "ஒரு டேங்குக்கு ஒரு மூடி" என்கிறார்களே?

கைத்தெளிப்பான் 10 லிட்டரிலும் இருக்கிறது, 16 லிட்டரிலும் இருக்கிறது. மூடியும் பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. லிட்டருக்கு 2 மில்லி என்று லேபிளில் இருந்தால் பத்துக்கு 20, பதினாறுக்கு 32. மூடி எத்தனை மில்லி என்று தண்ணீரை வைத்துப் பார்க்கிறேன் என்று சமையலறைத் தராசை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அதற்குத் தனி அளவுக் குவளை வாங்கித் தனியாக வையுங்கள்.

கேலன், பேரல்?

இங்கிலாந்துக் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.79. செய்தியில் வரும் கச்சா எண்ணெய் பேரல் 42 அமெரிக்கக் கேலன், 159 லிட்டர். நம் தெருவில் பேரல் என்று சொல்லும் நீல நிற டிரம் பெரும்பாலும் 200 லிட்டர்.

ஒரு செ.மீ. மழை என்றால் எங்கள் மாடியில் எத்தனை லிட்டர்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக ஒரு செ.மீ. மழைக்கு 930 லிட்டர், ஏறக்குறைய ஒரு டேங்க். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவில் பெய்கிறது. அந்த ஒரு மாடியில் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது. முழுதும் பிடிக்க முடியாது, முதல் மழையைக் கழுவ விட வேண்டும், ஆவியாவதும் உண்டு. பாதி தேறினாலும் பத்து லாரிக்கு மேல்.

டி.எம்.சி. என்று தினமும் செய்தியில் வருகிறது. அதை மனதில் எப்படிப் பிடிப்பது?

டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பது சம்பிலேயே பார்த்தாகிவிட்டது. ஆகவே ஒரு டி.எம்.சி. ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட இரண்டு மேட்டூர்.

மேட்டூர் நீர்மட்டம் 120 அடியில் 60 அடி என்றால் பாதி அணை நிரம்பியிருக்கிறது என்று அர்த்தமில்லை. அணை அடியில் குறுகி, மேலே போகப் போக அகன்றிருக்கும். புனலைக் கவனித்திருந்தால் புரியும். பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது, அதைவிட மிகக் குறைவு. மேலே ஏறும் ஒவ்வொரு அடியும் கீழே உள்ள அடியைவிட அதிகத் தண்ணீர் பிடிக்கும்.

"விநாடிக்கு 10,000 கன அடி திறப்பு" என்று படித்தால்? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் ஒரு நாளில் 0.86 டி.எம்.சி. விநாடிக்கு 11,600 கன அடி வீதம் நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. தேறும்.

2019ல் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அது ஏரிக் கணக்கில் எவ்வளவு?

ஜோலார்பேட்டையிலிருந்து அந்த ஜூலையில் வந்த முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். பெரிய எண்தான். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் ஒரே ஒரு மில்லியன் கன அடியை எடுத்துக்கொண்டாலே 283 லட்சம் லிட்டர். அந்த ஒன்றை நிரப்ப இதே மாதிரி பதினொரு ரயில் வந்தும் கொஞ்சம் குறையும்.